பிள்ளைகளை முழு வசனம் எழுத விடுங்கள்

நுவரெலியா, பதுளை மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆங்கில ஆசிரிய ஆலோசகர்களுக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம், தரம் 9 படிக்கும் பிள்ளை ஒருத்தி தன் பயிற்சிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். நிகழ்காலப் பாடம். கீறிட்ட இடங்கள் இருபதும் சரி. "அம்மா பகல்ல என்ன செய்றாங்கன்னு இங்கிலீஷ்ல ஒரு வசனம் எழுதும்மா" என்றேன். வெகுநேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்: "மை மதர் டீ லீவ்ஸ் பிளக்."

அச்சு அசல் தமிழ் வசனம் அது. "அம்மா கொழுந்து பறிக்கிறார்" என்பதில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்து வந்து நிற்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பழைய கலண்டர் மட்டையை வெட்டி, சொல்லுக்கு ஓர் அட்டையாக எழுதித் தரையில் பரப்பினேன். 'பிளக்' அட்டையை அவளே எடுத்து 'மதர்' பக்கத்தில் வைத்தாள். பிறகு பறிக்கிறேன், பறிக்கிறாய், பறிக்கிறாள் என்று சொல்ல வைத்தேன். தமிழில் ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. ஆங்கில நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் 'எஸ்' ஒட்டுகிறது என்றேன். சின்னத் துண்டு மட்டையில் 'எஸ்' எழுதி அவளே ஒட்டிவைத்தாள். அப்பா, தம்பி, பக்கத்து லயத்து ஆச்சி என்று அடுத்தடுத்து நாலு வசனம் வந்தது.

சொல்லுக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலப் 'பரேட்' காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டாகி, 'லைன்' நாம் குடியிருக்கும் லயமாகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சொல்லைக் கோக்கும்போதுதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "அவர் ஆசிரியர்" என்றால் தமிழில் வசனம் முடிந்தது, அதனால் "ஷீ டீச்சர்" என்று நிறுத்திவிடுகிறார்கள். 'இஸ்' எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. "டிட் நொட் வென்ட்" என்பார்கள். 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, பின்னால் 'கோ' போதும் என்று தமிழில் ஒரு நிமிடம் விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று தயவுசெய்து தடுக்காதீர்கள்.

எனக்கும் சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தி. ஆனால் கொழும்பில் முதல் நேர்முகப் பரீட்சையில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது ஒரு முழு வசனம் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வரும் ரயில் முழுக்க அழுதேன். உயர்தரத்திலும் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது என்பதால் அதைக் கவனிப்பவர் குறைவு. பல்கலைக்கழகம் போனதும் அநேக விரிவுரைகள் ஆங்கிலத்தில்! 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. எங்கள் பிள்ளைகளை அது இன்னும் யாரோடும் இணைக்கவில்லை.

ஒரே ஆசிரியர் ஐந்தாறு வகுப்புகளுக்கு ஓடுவது எனக்குத் தெரியும். புதிய புத்தகமோ பணமோ கேட்கவில்லை. பாடத்தின் முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைப் பற்றி, தன் நாளைப் பற்றி மூன்று வசனம் சொந்தமாக எழுதட்டும். எல்லாப் பிழையையும் சிவப்பாக்காமல், அந்த வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். ஆலோசகர்களிடம் ஒன்று: வலயத்தில் தயாராகும் தவணைப் பரீட்சைத் தாளில் சொந்த வசனத்துக்கென்று ஒரு கேள்வியும் அதற்குத் தகுந்த புள்ளியும் வையுங்கள். புள்ளி இருந்தால்தான் வகுப்பில் அதற்கு நேரம் கிடைக்கும்.

அடுத்த தவணைத் தாளில் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருப்பேன். கலண்டர் மட்டை அட்டைகளைப் பார்க்க விரும்பினால், சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளைகளின் மாலை வகுப்பு அக்கா