ரோல் பின் பஞ்ச் ஏன் வளைகிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஏர் ரைபிளை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுகிறவர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் கடையில் வாங்கிய 2 மி.மீ. ரோல் பின் பஞ்ச் (பாகங்களைக் கோர்த்து நிறுத்தும் பின்னைத் தட்டிக் கழற்றும் இரும்புக் கோல்) நாலு அடிக்கே வளைந்துவிட்டது, மட்டமான இரும்பு என்கிறார்கள் அதில். உங்களில் பலர் அதைப் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் பரப்பாமல் எங்களையே கூப்பிட்டுக் கேட்டீர்கள். அதற்கு முதலில் நன்றி. விலை, தாமதம் என்று எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வோம். இரும்பைக் குறை சொன்னது மட்டும் மனதைச் சுடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வீடியோவை நன்றாகக் கவனியுங்கள். துப்பாக்கி மடித்த துண்டின் மேல் கிடக்கிறது. அதிலுள்ள ரோல் பின்னில் பாதி துருப்பிடித்திருக்கிறது. அசையாத அந்தப் பின்னின் தலையில் முதல் அடியே நீள பஞ்சால் விழுகிறது. பஞ்ச் வளைய இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

ரோல் பின் என்பது சுருட்டிய ஸ்பிரிங் தகடு. 2 மி.மீ. பின் என்று விற்பதை வெர்னியரில் பிடித்தால் 2.3 முதல் 2.4 வரை காட்டும். 3 மி.மீ. பின் 3.3 முதல் 3.5 வரை. ஓட்டையோ சரியாக 2, 3 தான். உள்ளே போகும்போது பின் சுருங்கி, விரியப் பார்த்து, ஓட்டையின் சுவரை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் பசையோ மறையோ இல்லாமல் பின் நிற்கிறது. அதே காரணத்தால், நின்ற இடத்திலிருந்து அதைக் கிளப்பும் முதல் அடிதான் பெரிய அடி. ஒருமுறை நகர்ந்துவிட்டால் பிறகு லேசான தட்டுகள் போதும்.

அந்த முதல் அடிக்குத்தான் செட்டில் குட்டை பஞ்ச் வைத்திருக்கிறோம். நீள ஈர்க்குச்சியை நுனியில் அழுத்தினால் வளையும், அதையே ஒடித்துச் சின்னதாக்கினால் தாங்கும். கணக்கும் அதுதான்: நீளம் பாதியானால், வளையாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்கு. குட்டை பஞ்சால் பின்னை ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்துங்கள், அதன்பின் நீள பஞ்சுக்கு மாறுங்கள். துப்பாக்கிக்குக் கீழே பெஞ்ச் பிளாக் (ஓட்டைகள் போட்ட தாங்கு கட்டை) இருக்கட்டும், பின் வெளியே வர வேண்டிய ஓட்டை பிளாக்கின் ஓட்டைக்கு நேராக இருக்கட்டும். மெத்தென்ற துண்டின் மேல் வைத்து அடித்தால் அடியில் பாதியைத் துண்டு குடித்துவிடும். அதை ஈடுகட்ட நீங்கள் இன்னும் ஓங்கி அடிப்பீர்கள். துருப்பிடித்த பின் என்றால் இரண்டு பக்கமும் துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். சுத்தியல் 100 கிராம் அளவில், பித்தளைத் தலையோடு இருந்தால் போதும்.

இதை இன்னும் கெட்டியாகச் செய்யக் கூடாதா என்று கேட்கிறீர்கள். செய்யலாம். இரும்பின் கடினத்தை ஏற்றினால் வளையாது, ஒடியும். ஒடிந்த துண்டு தெறிப்பது முகம் இருக்கும் பக்கம். அதனால் சின்ன அளவுகளை வேண்டுமென்றேதான் வளையும் பதத்தில் வைக்கிறோம். கண்ணாடி போடாமல் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை மாற்றும் எண்ணம் இல்லை.

தட்டை முனைப் பஞ்சை ரோல் பின்னுக்கு எடுக்காதீர்கள். அது வழுக்கினால் பாடியின் கறுப்பு மெருகில் கோடு விழும், வழுக்காவிட்டால் பின்னின் வாய் விரிந்து ஓட்டையிலேயே சிக்கும். ரோல் பின் பஞ்சின் நுனியில் இருக்கும் சின்னக் குமிழ் பின்னின் உள்வாயில் உட்காருவதற்கானது. குமிழ் தேய்ந்துபோனால் பஞ்சை மாற்றுங்கள்.

டிரிகர் பூட்டுவது வேறு கஷ்டம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து, மூன்று துண்டுகளின் ஓட்டைகளை ஒரே நேரில் கொண்டுவந்து, பின்னையும் நுழைக்க இரண்டு கை பத்தாது. அதற்குத்தான் டம்மி பின். டிரிகரின் அகலத்தைவிட ஒரு நூல் குட்டை, விட்டத்தில் அசல் பின்னைவிட 0.1 மி.மீ. குறைவு. வெளியே மேசையில் வைத்தே டிரிகர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் டம்மி பின்னில் கோர்த்து, முழுசாக உள்ளே வையுங்கள். பிறகு அசல் பின்னைச் சரிவு வெட்டிய முனை முன்னால் வரும்படி தள்ளினால், அது டம்மியை மறுபக்கம் தள்ளிக்கொண்டே தன் இடத்தில் போய் உட்காரும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள், விட்டால் ஸ்பிரிங் அந்த இடைவெளியில் நழுவி வந்து நிற்கும். ஸ்பிரிங் பறக்கும் வேலை எதையும் பெரிய பாலித்தீன் பைக்குள் கை விட்டுச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் சேஃப்டி பிடிக்கிறதா என்று குண்டு போடாமல் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

திருப்புளி பற்றிச் சுருக்கமாக: சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் திருகும்போது மேலே ஏறி வரும், காடி சிதையும். பக்கங்கள் இணையாக உள்ள ஹாலோ கிரவுண்ட் நுனியையே கேளுங்கள். அலன் கீ (ஆறு மூலைச் சாவி) வாங்கும்போது ஸ்க்ரூ மில்லிமீட்டரா அங்குலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3/32 அங்குலம் 2.38 மி.மீ. தான், 2.5 மி.மீ. காடியில் அதைப் போட்டுத் திருகினால் மூலைகள் உருண்டுவிடும். ஸ்கோப் வளையத்தின் ஸ்க்ரூக்களுக்குத் தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை 2 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்துங்கள்.

பி.சி.பி. (சிலிண்டரில் முன்பே அழுத்தி அடைத்த காற்றால் சுடும் ரைபிள்) வைத்திருப்பவர்கள் சிலிண்டரில் காற்று இருக்கும்போது எந்தப் பின்னையும் தொடக் கூடாது. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கை எடுக்க இரும்பு ஊசி வேண்டாம். காடியில் ஒரு கீறல் விழுந்தால் புது ரிங் போட்டாலும் காற்று கசியும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கி போதும். சிலிகான் கிரீஸ் தவிர வேறு எண்ணெய் உள்ளே போகக் கூடாது, அழுத்தக் காற்றோடு சேர்ந்து தீப்பிடிக்கக்கூடும். ஸ்பிரிங் மாற்றி வேகம் கூட்டக் கேட்பவர்களுக்கு நாங்கள் சாமான் தருவதில்லை. குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால் லைசென்ஸ் விவகாரம் ஆகிவிடும்.

எங்கள் டர்னர் (லேத்தில் கடைசல் போடுபவர்) சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டார், நல்லபடி நடக்கட்டும். அதனால் அளவு கொடுத்துச் செய்யும் டம்மி பின்களுக்கு இரண்டு வாரம் ஆகும். பித்தளை, டூல் ஸ்டீல் இரண்டும் விலை ஏறியதில் ஒன்பது பஞ்ச் செட் அடுத்த மாதம் முதல் 1,450 ரூபாய், 1.5, 2 மி.மீ. பஞ்சுகளுக்கு இலவச மாற்று இனி இருக்காது. மற்ற அளவுகளுக்கு எப்போதும் போல.

வருடக்கணக்காக எங்களிடமே வாங்கும் கிளப் பயிற்சியாளர்களும், தெரிந்ததைப் புதியவர்களுக்குக் கற்றுத்தரும் மூத்த வாடிக்கையாளர்களும் இல்லாமல் இந்தக் கடை இல்லை. உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. பஞ்ச் வளைந்தவர்கள் அந்தப் பஞ்சையும் பின்னையும் மட்டும் கொண்டு வாருங்கள், துப்பாக்கி வேண்டாம். கடை மேசையிலேயே ஒரு பெஞ்ச் பிளாக் வைத்திருக்கிறோம், உங்கள் பின்னின் அளவில் குட்டை பஞ்சால் எப்படிக் கிளப்புவது என்று கையோடு காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
கோயம்புத்தூர்