ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கப்போகும் மகளுக்கு

பாடாங் செராய்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

சாப்பிட்டாயா? "அம்மா, இந்த வருஷம் எங்க பாசிர் கூடாங் கம்பெனிக்குத் தொழிற்பயிற்சிக்கு வரும் ஆறு பிள்ளைகளை நான்தான் தேர்ந்தெடுக்கணும்" என்று நேற்று போனில் சொன்னாய். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. ராத்திரி முழுக்க யோசித்ததை இப்போது எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் ஆன கதை உனக்குப் பாதிதான் தெரியும். விடிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்து மருந்தடிக்கப் போய்க்கொண்டிருந்தவரை, மெஷின் பார்த்த சீனக் கிழவர் ஒருநாள் கூப்பிட்டுக் கையில் ஸ்பானரைக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஹொக்கியன் தெரியாது. நடுவில் இருந்தது உடைந்த மலாய்தான். ஒவ்வொரு சாமானுக்கும் அவர் சொல்லும் பேரை அப்பா சிகரெட் பெட்டி அட்டையில் தமிழில் எழுதிக்கொண்டு வருவார். ராத்திரி நான் வாசிக்க அவர் ஒப்பிப்பார். அந்த அட்டைகள் இன்னும் தகர டப்பாவில் இருக்கின்றன. கிழவர் தன் சொந்தக்காரப் பையனைக் கூப்பிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்திருந்தால் நீ பொறியியல் படித்திருப்பாயா?

தம்பிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. வரலாற்றில் தேறாததால் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கைக்கு வரவில்லை. 2013-லிருந்து அந்தப் பாடத்திலும் தேறியாக வேண்டுமே. ஒரு பட்டறையில் மாண்டரின் தெரியுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில், "உங்க ஆளுங்க மூணு மாசம்கூட நிக்க மாட்டாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மூன்று நாள் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. உனக்குப் பரீட்சை நேரம் என்று நாங்கள் சொல்லவில்லை.

எஸ்.எல்.டி.என். என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சித் திட்டம் 2005-லிருந்தே இருக்கிறது. 70-லிருந்து 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில், மீதி வகுப்பில், முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழ். எஸ்.பி.எம். தேறாதவர்களுக்கும் வழி உண்டு. நம் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவருக்கும் இது தெரியாது. திருவிழாவில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் நமக்கே தெரிந்தது. அதற்குள் தம்பிக்கு இரண்டு வருஷம் போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன். நேர்முகத் தேர்வில் நியாயமாக நடந்தால் மட்டும் போதாதம்மா. ஆறு இடம் காலி என்ற சேதி யார் காதில் விழுகிறது என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. சூப்பர்வைசர் தன் அண்ணன் மகனிடம் சொல்வார், அவன் தன் கூட்டாளியிடம் சொல்வான். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனாலும் வந்து நிற்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே இனமாக இருப்பார்கள்.

ஆறும் நம் பிள்ளைகளாக இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் தம்பிக்கு நடந்ததை நீ வேறொரு தாயின் பிள்ளைக்குச் செய்வாய். கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பையனும் வரட்டும், ஜொகூர் கரையோரத்து ஒராங் செலேத்தார் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் சேதி போகட்டும். பெண் பிள்ளைகளையும் மறந்துவிடாதே.

2023 ஜனவரியிலிருந்து வேலையில் பாகுபாடு காட்டினால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். ஆனால் அது வேலையில் சேர்ந்தவருக்குத்தான். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அந்த வழி இல்லை. இப்போது அந்த வாசலில் நிற்பது நீ.

அப்புறம் இன்னொன்று. பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகள் சிலரிடம் நானே கேட்டேன். காலையில் பஸ் இல்லை, அலவன்ஸ் தாமதம், சாப்பாட்டு நேரத்தில் பேச ஆளில்லை என்றார்கள். மற்றவர்கள் தங்கள் பாஷையில் பேசிச் சிரிக்க, ஒருவன் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தால் எப்படி நிற்பான்? பாடத்தை எல்லோருக்கும் புரிகிற மலாயில் சொல்லச் சொல். முதல் மாதம் நீயும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு.

பாசிர் கூடாங்கில் தங்க இடம் தருவீர்கள் என்றால் இங்கிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். விளம்பரத்தை மலாயிலும் தமிழிலும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. மாரியம்மன் கோயில் பலகையில் நான் ஒட்டுகிறேன். சுராவில், அந்தச் சின்னத் தொழுகைக் கூடத்தில், ஒட்டுவதற்குப் பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக்கிடம் இப்போதே சொல்லிவிட்டேன். கடைசித் தேதியைப் பெரிதாகப் போடு.

அன்புடன்,
அம்மா