சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

ஐயா,

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் நகரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் உள்ள பழைய சிற்றாலயங்களுக்குச் சிமெண்ட் பூசப்போவதாக வெளியான செய்தியைப் படித்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவருக்கு அது ஆகாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும்; சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ள, சில மழைக்காலங்களிலேயே பூச்சு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுவதைக் கண்டிருக்கிறேன். மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையிலோ, சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்கு உத்திர முனைதான் முதலில் இற்றுப்போகும். வெள்ளையடிக்கும் அவசரத்தில் அதை யார் தட்டிப் பார்க்கிறார்கள்?

ஏற்கெனவே சிமெண்ட் பூசிய இடங்களில் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, சில வாரங்கள் நீரில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு எனக் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரம் காட்டி ஆறவிட வேண்டும். திருநாளுக்காக அவசரப்படாமல், பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் பணியைத் தொடங்கலாம்.

- வாசகர், சென்னை