ஒரே இரவில் வரும் குழப்பம் மறதி நோய் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழில் முதியோரின் மறதி நோய் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. மறதி நோய் மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் முற்றுவது. நேற்று வரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று பெற்ற பிள்ளையையே தெரியாமல் பிதற்றினால், பல நேரம் உடம்பில் எங்கோ கிருமித்தொற்று இருக்கிறது என்று பொருள். சர்க்கரை குறைந்தாலும் இப்படி வரும். எதுவானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டிய விஷயம். எங்கள் ஊரிலோ 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் காத்து கருப்பு என்று சாமியாடியைத் தேடிப் போகிறார்கள்.

எங்கோ இருக்கும் தொற்று மூளையை எப்படிக் குழப்புகிறது என்று சொல்கிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி சுமார் 150 மில்லி தெளிந்த நீர் இருக்கிறது. மூளைக்குள் இருக்கும் ரத்தநாளப் பின்னல்கள் அதை நாளுக்கு அரை லிட்டர் அளவு சுரக்கின்றன. ரத்தத்தில் ஓடுவதெல்லாம் இந்த நீரிலும் மூளையிலும் கலக்காதபடி செல்கள் இறுக ஒட்டித் தடுப்பு போட்டிருக்கின்றன. சிறுநீரிலோ நுரையீரலிலோ தொற்று வந்ததும் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்னும் ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. கிருமியை விரட்டத்தான். அளவு மீறினால் அவையே அந்த ஒட்டுகளைத் தளர்த்தி, மூளையின் காவல் செல்களையும் உசுப்பிவிடுகின்றன. முதுமையில் இந்தத் தடுப்பு ஏற்கெனவே பலவீனம். 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கிய நிப்பா என்னும் வைரஸ் நோயில் கிருமி மூளைக்குள்ளேயே புகுந்தது. நான் சொல்லும் குழப்பத்துக்கு அதுகூடத் தேவையில்லை, கிருமி சிறுநீர்ப்பையில் இருந்துகொண்டே மூளையைக் கலக்கிவிடும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலும் இருக்கலாம். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தபோது, தொற்றுக்கு மருந்து கொடுத்த சில நாட்களில் பழையபடி பேசியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், முதுகில் ஊசி போட்டு, மேலே சொன்ன அந்தத் தெளிந்த நீரை எடுக்கும் சோதனை. மருத்துவர் கேட்டாலே 'கை கால் விழுந்துடும்' என்று குடும்பத்தார் மறுத்துவிடுகிறார்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்கும் கீழே. அந்த நீரில் புரதம் கூடியிருந்தால் தடுப்பு கசிகிறதா என்று பார்க்கலாம். வெள்ளணுக்கள் கூடியிருந்தால் மூளையுறையிலேயே தொற்றா என்று தேடலாம். எல்லாருக்கும் இந்தச் சோதனை தேவைப்படாது. தேவைப்படுகிறவருக்கு வெறும் பயத்தால் கிடைக்காமல் போவதுதான் எனக்கு வேதனை.

பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்க, வீட்டில் துணைக்கு இருப்பவரும் பல இடங்களில் வயதானவரே. அவர்கள் வாசிப்பது தமிழ்ப் பத்திரிகை மட்டும்தான். ஆகவே கட்டுரையாளர் மறதி நோயையும் திடீர்க் குழப்பத்தையும் பிரித்து இன்னொரு முறை எழுத வேண்டும். குழப்பம் எந்த நாளில் தொடங்கியது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லும்படியும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

முன்னாள் தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்