நீல உண்டியல்

ஸ்கோக்கி, சிகாகோ அருகில், ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

சமையலறை அலமாரியின் மேல்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்த நீலத் தகர உண்டியல் இருந்தது, யூத தேசிய நிதியத்தின் பெட்டி. வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் உன் பாட்டி அதில் சில்லறை போடுவாள். எனக்கு எட்டாது, நாற்காலி இழுத்துப் போட்டு ஏறுவேன். அந்தக் காசில் இஸ்ரேலில் மரம் நடுகிறார்கள் என்று சொல்வார்கள். 1970இல் பதின்மூன்று வயதில் நடந்த என் பார் மிட்ஸ்வா சடங்குக்கு, பேனாக்களோடு மரச் சான்றிதழ்களும் வந்தன. பார்க்காத ஊரில் என் பெயரில் பைன் மரங்கள் வளர்கின்றன என்று எனக்கு ஒரே பெருமை.

நீ 2016இல் யூத இளைஞர்களை இஸ்ரேலுக்கு அழைத்துப்போகும் அந்தப் பத்து நாள் இலவசப் பயணம் போய்விட்டு வந்தாய். அங்கே காட்டாத ஒன்றை வந்தபின் நீயாகப் படித்துத் தெரிந்துகொண்டாய். அதே நிதியம் மரம் நட்ட கனடா பார்க் இருக்கும் பகுதியில் இம்வாஸ், யாலு, பைத் நூபா என்று மூன்று ஊர்கள் இருந்தன, 1967 ஜூனில் ஆட்களை விரட்டிவிட்டு வீடுகளை இடித்தார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாய். என் மரம் அங்கே இல்லை என்று கத்தினேன். உண்மையில் அது எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியாது.

அப்புறம் போன பஸ்கா விருந்து. வாசிக்கும் புத்தகத்தின் கடைசி வரி வந்தது: "அடுத்த ஆண்டு எருசலேமில்." எல்லோரும் சொன்னோம். நீ புத்தகத்தை மூடிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலேயே வந்து, "உன் தாத்தா இருந்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும்" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை மாதமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏனென்றால் தாத்தாவுக்கும் ஓர் அப்பா இருந்தார். உன்னிடம் சரியாகச் சொன்னதே இல்லை. உன் கொள்ளுத்தாத்தா போலந்தில் லோட்ஸ் நகரத்து நெசவாலைத் தொழிலாளி. புந்த் என்ற யூதத் தொழிலாளர் கட்சிக்காரர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கேட்ட முதல் சியோனிச மாநாடு பாசெலில் கூடியதும் வில்னாவில் புந்த் தொடங்கியதும் அதே 1897இல்தான். பாலஸ்தீனம் பற்றிப் பேச யாராவது வீட்டுக்கு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவாராம். அவர்களுடைய சொல் 'தோய்கைட்'. யூதர்கள் பேசிய இட்டிஷ் மொழியில் 'தோ' என்றால் இங்கே. வாழ்கிற இடமே நம் ஊர், போராட்டமும் இங்கேதான். போருக்கு முந்தைய கடைசி நகராட்சித் தேர்தலில் வார்சாவிலும் லோட்ஸிலும் யூதக் கட்சிகளில் முன்னால் நின்றது புந்த்தான்.

1944 ஆகஸ்டில், யூதர்களை அடைத்துவைத்திருந்த லோட்ஸ் கெட்டோவை நாஜிகள் காலி செய்தபோது அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றினார்கள். 'இங்கே' என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இங்கே என்று ஓர் இடமே இல்லாமல் போயிற்று. மிஞ்சிய மகன், உன் தாத்தா, ஜெர்மனியில் அகதி முகாமில் விசாவுக்காக நான்கு ஆண்டுகள் காத்துக்கிடந்தார். 1947இல் எக்ஸோடஸ் கப்பலில் பாலஸ்தீனத்துக்குப் போன யூத அகதிகளை பிரிட்டிஷார் திருப்பி, அதே ஜெர்மனியில் கொண்டுவந்து இறக்கியதை அங்கிருந்தேதான் கேள்விப்பட்டார். அவருக்கு இஸ்ரேல் மேல் பற்று வந்தது அங்கேதான். அப்பாவிடமிருந்து வாங்கியது ஒன்றுமில்லை.

என்னுடைய பற்று ரேடியோவில் வந்தது. 1967 ஜூனில், இஸ்ரேலின் ஆறு நாள் போரின்போது, எனக்குப் பத்து வயது. தாத்தா வேலைக்குப் போகாமல், சட்டைகூட மாற்றாமல், ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். "மறுபடியுமா" என்று ஒரே ஒரு வார்த்தை. ஆறாம் நாள் அவர் அழுதார். பத்து வயதுப் பையனுக்கு அது போதாதா? பத்து வருடம் கழித்து இதே ஸ்கோக்கியில் அமெரிக்க நாஜிகள் ஊர்வலம் போக அனுமதி கேட்டார்கள். ஓடுவதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்ற நினைப்பில்தான் அன்று தூங்கினேன்.

உன் ரேடியோ வேறு. 2023 அக்டோபர் 7 அன்று, ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியபோது, நீயும் அழுதாய், தொலைபேசியில் கேட்டேன். அதே மாதம் 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் காசாவுக்காகக் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். அங்கே சப்பாத் என்ற ஓய்வுநாளுக்கான மெழுகுவர்த்தி ஏற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கோபம் வந்தது. மந்திரம் சரியாகச் சொல்கிறார்களா என்றும் காது கொடுத்துக் கேட்டேன், என்ன செய்வது.

2020இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்க யூதர்களிடம் கேட்டபோது, இஸ்ரேலிடம் மனப்பற்று உண்டு என்றவர்கள் 65 வயதைத் தாண்டியவர்களில் 67 சதவீதம், முப்பதுக்குக் கீழே 48. பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள் என்று நம் ஜெபாலயத்தில் புலம்புகிறார்கள். நானும் புலம்பியவன்தான். ஆனால் கொள்ளுத்தாத்தாவை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. காசா பற்றி நீ சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதிக்குச் சண்டை போடுவேன். இந்தப் பஸ்காவுக்கும் அந்த வரியைச் சொல்வேன். நீ சொல்ல வேண்டாம், எழுந்தும் போக வேண்டாம். தட்டுகளை நான் கழுவுகிறேன்.

உண்டியலை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கொஞ்சம் சில்லறை கிடக்கிறது. சாவி நம்மிடம் இருந்ததே இல்லை, வசூலுக்கு வருகிறவர்தான் திறப்பார். இப்போது அவரும் வருவதில்லை. உனக்கு வேண்டுமா, இல்லை மறுபடியும் மேலே வைத்துவிடட்டுமா?

அப்பா