அளவு நாடாவை அவர்கள் கையில் கொடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். பாங்காக்கிலிருந்து நீ அனுப்பிய பாங் புவா கால்வாய்ப் படங்களைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காட்டினேன். வீடுகள் அழகுதான். ஆனால் நீ போனில் சொன்னதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. கரையோரத்துக் குடியிருப்புகள் பன்னிரண்டும் சேர்ந்து பேசி, சேமிப்புக் குழு அமைத்து, தங்கள் வீடுகளைத் தாங்களே அளந்து வரைந்தார்களாமே! தண்ணீர்மேல் நீட்டியிருந்த வீடுகளைத் தாங்களே பின்தள்ளிக் கட்டிப் பாதையும் விட்டார்களாம். 2003-இல் தொடங்கிய 'பான் மன்கோங்' என்ற அந்த ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்தில் தெருவுக்கும் குழாய்க்கும் அரசு மானியம் தருகிறது, வீட்டுக்குக் குறைந்த வட்டிக் கடனைக் குழுவிடம் தருகிறது. நிலமும் 30 ஆண்டுக் குத்தகைக்குக் கூட்டாகக் கிடைத்தது என்றாய். கேட்கக் கேட்க எனக்கு நம் கதைதான் நினைவுக்கு வந்தது.

ஆற்றங்கரையிலிருந்து நம்மை லாரியில் ஏற்றிய அன்று நீ கைக்குழந்தை. ஊருக்கு வெளியே கொடுத்த வீட்டில் மழை ஒழுகவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் நடந்தே போய் வேலை செய்த நான்கு வீடுகளில் மூன்று கைவிட்டுப் போயின. முதல் பஸ் வருவதற்குள் அங்கே காபி குடித்து முடித்திருப்பார்கள். குலுக்கலில் உன் பாட்டிக்கு மூன்றாம் மாடி விழுந்தது. முழங்கால் வலியோடு அவர் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். நான் வேலைக்குப் போகும்போது உன்னைப் பார்த்துக்கொண்ட ஆயா எங்கோ வேறு பிளாக்குக்குப் போய்விட்டார். "எங்கே வேலை செய்கிறாய், யார் உன் பக்கத்தில் இருக்க வேண்டும்?" இந்த இரண்டை மட்டும் யாராவது கேட்டிருந்தால் போதும்.

படிப்பு முடிந்து இங்கே வீட்டுத் திட்ட வேலையில் சேரும்போது, குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வை, தண்ணீர்க் குழாயடியில் வை. அப்போதுதான் பெண்கள் வருவார்கள். கூட்டம் போட்டாலே கேட்டதாகிவிடாது, கண்ணே. உரத்த குரலில் பேசும் நாலு ஆண்கள் முடிவு செய்துவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். வீடு வீடாகப் போ. அளவு நாடாவின் ஒரு முனையை அந்த வீட்டுக்காரியிடம் கொடு.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கால்வாய்க்கரையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் வீடு கிடைத்ததா? அங்குள்ள பெண்களிடம் விசாரித்து எழுது.

அன்புடன்,
அம்மா