நாலு மணிப் பசி

எக்ஸெட்டர், இங்கிலாந்து,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலிக்குப் பயிற்சி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். பாதியில் விட்டுவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். இங்கே பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அவன் பின்னால் ஓடியே நான் இளைத்துவிட்டேன்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பாட்டி என்னையும் மகளையும் மாலை டீக்குக் கூப்பிட்டிருந்தார். டீதானே என்று மதியம் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே போனால் மேஜை நடுவே மூன்றடுக்குத் தட்டு! கீழே ஓரம் நீக்கி விரல் நீளத்துக்கு வெட்டிய சாண்ட்விச். வெள்ளரிக்காய் வைத்ததும் இருந்ததால் பிழைத்தேன். நடு அடுக்கில் ஸ்கோன், மேலே குட்டிக் கேக்குகள். கீழிருந்து மேலே போக வேண்டுமாம்.

ஸ்கோன் என்பது பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே ஒரு பிறவி. அதைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால்தான் பிட்க வேண்டும். நான் பிட்டு, முதலில் ஜாம் தடவி அதன்மேல் க்ரீம் வைத்தேன். பாட்டி புருவத்தை உயர்த்தி, "நீங்கள் கார்ன்வாலா?" என்றார். இந்த டெவன் பக்கத்தில் க்ரீம் முதலில், ஜாம் மேலே. பக்கத்து கார்ன்வாலில் தலைகீழ். வடகலை தென்கலைதான், வேறென்ன! அதை 'ஸ்கோன்' என்பதா 'ஸ்கான்' என்பதா என்று இன்னொரு சண்டை வேறு இருக்கிறது.

சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு கோப்பையைப் பிடிப்பதுதான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். பாட்டி சிரித்துவிட்டார். அப்படிச் செய்தால் அலட்டல் என்பார்களாம். கரண்டியைக் கோப்பையில் மோதாமல் முன்னும் பின்னுமாக அசைத்துவிட்டு, சாஸரில் வைத்துவிட வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் இவர்களே டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடித்தவர்கள்தான். உன் அப்பா டபராவில் ஊற்றி உறிஞ்சுவாரே, அவர் இங்கே தைரியமாக வந்திருக்கலாம்.

இந்த வழக்கத்தை 1840 வாக்கில் ஆரம்பித்தவர் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியா என்று சொல்கிறார்கள். மதியம் கொஞ்சம்போலத்தான் சாப்பாடு, ராத்திரி விருந்துக்கு எட்டு மணி ஆகிவிடும். நடுவில் வயிறு கிள்ளியிருக்கிறது. தன் அறைக்கே டீயும் ரொட்டியும் கொண்டுவரச் சொன்னார், அப்புறம் தோழிகளையும் கூப்பிட்டார், அதுவே நாகரிகமாகிவிட்டது. இத்தனை அலங்காரத்துக்கும் அடியில் இருப்பது நாலு மணிப் பசிதான், வசந்தா! நம் சென்னை ஹோட்டல்களில் ஜம்பமாகப் போடுகிறார்களே 'ஹை டீ', அது இங்கே வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் சாயங்காலம் ரொட்டி, இறைச்சி என்று வயிறாரச் சாப்பிட்ட சாப்பாடாம்.

பாட்டி வீட்டு அலமாரியில் பூட்டு வைத்த சின்ன மரப்பெட்டி ஒன்று இருந்தது. நகைப்பெட்டி என்று நினைத்தேன், தேயிலைப் பெட்டியாம்! ஒரு காலத்தில் டீத்தூளுக்கு வரி நூற்றுக்கு 119 வரை இருந்திருக்கிறது. சாவி வீட்டுக்காரம்மா இடுப்பில். கள்ளக் கடத்தலும் அமோகம். 1784-ல் வரியைப் பன்னிரண்டரையாகக் குறைத்த பிறகுதான் கடத்தல் படுத்தது.

கிளம்பும்போது டீ டப்பாவைப் பார்த்தேன், சிலோன் தேயிலை. சீமாட்டி காலத்தில் இங்கே வந்ததில் பெரும்பகுதி சீனத் தேயிலை. இலங்கையில் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலைத் தோட்டம் போட்டது 1867-ல். அப்புறம் நோய் வந்து காபிச் செடிகள் அழிய, மலை முழுக்கத் தேயிலையானது. கொழுந்து கிள்ளியவர்கள் நம் புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்திலிருந்து போன சனங்கள். என் அப்பத்தாவின் தம்பி அப்படிப் போனவர்தான், திரும்பவேயில்லை. அதைப் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

வருகிற ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். கீரை வடை போடலாம் என்றிருக்கிறேன். உன் அளவு எப்படி, ஒரு ஆழாக்கு உளுந்துக்கு எவ்வளவு கீரை? உடனே வாட்ஸ்அப்பிலாவது அனுப்பு. வடையை எந்த அடுக்கில் வைப்பது என்பதையும் நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
மீனாட்சி